பத்தாண்டுத் தவணை

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 44-ஆம் ஷரத்து எதைக் கூறுகிறது என்று நம்மவரில் யாரைக் கேட்டாலும் விடை கிடைத்துவிடும். பொது சிவில் சட்டம் பற்றியது அது. ஜும்ஆ மேடைகளிலும், ஆண்டுவிழா அரங்குகளிலும், திருமண வீட்டுத் திண்ணைகளிலும் அதைப் பற்றி நாம் பேசியது கொஞ்சமல்ல. ஆனால் அதற்கு அடுத்து நின்ற 45-ஆம் ஷரத்து யாது என்று கேட்டால், கற்றவர்கள்கூடச் சற்றே தயங்குவார்கள்.

இவ்விரண்டும் அரசியல் நிர்ணய சபையில் ஒரே நாளில் விவாதிக்கப்பட்டவை. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் அது. அன்று சென்னையிலிருந்து சென்றிருந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள் எழுந்து, தனியார் சட்டங்களுக்குப் பாதுகாப்பு வேண்டித் திருத்தம் கொடுத்து வாதாடினார்கள். அந்த விவாதத்தை நாம் மறக்கவில்லை. அது முடிந்த பின், அதே நாளில் எடுத்துக்கொள்ளப்பட்ட அடுத்த பொருளை மறந்துவிட்டோம். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பத்தாண்டுக் காலத்திற்குள், 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கிடைக்க அரசு முயல வேண்டும் என்பதே அப்பொருள்.

வழிகாட்டு நெறிகள் என்று தொகுக்கப்பட்ட ஷரத்துகள் பலவற்றுள் காலக்கெடு குறிக்கப்பெற்றது இது ஒன்றுதான். மற்றவற்றை எப்போது வேண்டுமானாலும் நிறைவேற்றலாம். இதற்கு மட்டும் நாள் குறித்தார்கள். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் தவணை முடிந்தது. கடன் தீரவில்லை.

அந்தக் கடன் எவ்வாறு எழுதப்பட்டது, ஏன் தீர்க்கப்படவில்லை, யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மசோதா என்னும் சொல்

சட்டத்தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் இரு சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. ஷரத்து என்பது ‘ஷர்த்’. நிபந்தனை என்பது அதன் பொருள். மசோதா என்பது ‘முஸவ்வதா’; கறுப்பாக்கப்பட்டது என்பது அதன் நேர்ப்பொருள். அடித்தும் திருத்தியும் மையால் கறுத்துப்போன வரைவுத்தாளுக்கு அப்பெயர். அதனைச் சீர்செய்து, வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதி முடித்தால் அது ‘முபய்யளா’ ஆகும். மதரஸாவில் ஓதிய நாளில் எங்கள் ஆசிரியர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவார். இந்த நாட்டில் குழந்தைகளின் கல்விக்கான சட்டம் நூறாண்டுக் காலம் முஸவ்வதாவாகவே கிடந்தது என்றால், அது வெறும் சொல்லலங்காரம் அன்று.

1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கோபால கிருஷ்ண கோகலே, வைஸ்ராயின் சட்டசபையில் தொடக்கக் கல்வி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அது மிகவும் அடக்கமான மசோதா. போதிய அளவு பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளிக்கூடம் செல்லும் ஊர்களில் மட்டும், உள்ளாட்சி அமைப்பு விரும்பினால் மட்டும், 6 முதல் 10 வயது வரை கட்டாயம் என்றது. முஹம்மது அலி ஜின்னாவும் அதனை ஆதரித்துப் பேசினார். பணமில்லை என்றும், காலம் கனியவில்லை என்றும் அரசாங்கம் காரணம் கூறிற்று. 1912 மார்ச்சில் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா வீழ்ந்தது.

பின்னர் மாகாணங்கள் தத்தமக்குச் சட்டம் இயற்றின. சென்னை மாகாணத்தின் தொடக்கக் கல்விச் சட்டம் 1920-இல் பிறந்தது. உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கலாம், அரசின் ஒப்புதலோடு கட்டாயக் கல்வியைக் கொண்டு வரலாம் என்றது அது. ‘லாம்’ என்னும் விகுதியை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். இந்த விகுதிதான் பிற்காலத்தில் பல தலைமுறைகளின் எழுத்தறிவை விழுங்கியது.

அதே 1920-இல் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்தவர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் இன்றும் அவர் பெயரால் கல்லூரி நிற்கிறது. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராததற்குக் காரணம் பசி என்பதை அவர் கண்டார். ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி அளிக்க மாமன்றம் தீர்மானித்தது. பின்னர் அது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. சேர்க்கை பெருகியது. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய அரசாங்கம் இசையவில்லை. 1925-இல் திட்டம் நின்றது. சட்டத்தின் காப்பு இல்லாத நற்செயல் எத்துணை எளிதில் நின்றுபோகும் என்பதற்கு நம் நகரமே அன்று சான்று கூறியது.

உரிமையா, நன்னெறியா?

விடுதலை நெருங்கிய காலத்தில், அடிப்படை உரிமைகளை வரைந்த துணைக்குழு தொடக்கக் கல்வியை உரிமைகளின் பட்டியலிலேயே வைத்திருந்தது. 1947 ஏப்ரலில் அது ஆலோசனைக் குழுவின் முன் வந்தது. நீதிமன்றம் இதனை எங்ஙனம் நிறைவேற்றித் தரும், பணத்திற்கு எங்கே போவது என்னும் ஐயங்கள் எழுந்தன. ஆகவே வழக்காடிப் பெறத்தக்க உரிமைகளின் வரிசையிலிருந்து அதனை எடுத்து, வழக்காட இயலாத நெறிகளின் வரிசையில் வைத்தார்கள்.

ஃபிக்ஹு நூல்களைப் படித்தவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்குவது எளிது. ஒரு செயல் பர்ளா, முஸ்தஹப்பா என்பதே கேள்வி. பர்ளை விட்டவன் குற்றவாளி. முஸ்தஹப்பை விட்டவன் நன்மையை இழந்தவன், அவ்வளவே. கல்வி அன்று பர்ளின் வரிசையிலிருந்து முஸ்தஹப்பின் வரிசைக்கு இறக்கப்பட்டது. எனினும் அதற்குத் தவணை மட்டும் எஞ்சி நின்றது. காலக்கெடு உள்ள முஸ்தஹப்பு என்பது ஒரு விந்தையான படைப்புத்தான்.

நவம்பர் 23-ஆம் நாள் விவாதத்தில் இரண்டு திருத்தங்கள் வந்தன. இலவசத் தொடக்கக் கல்விக்கு ஒவ்வொரு குடிமகனும் உரியவன் என்ற தொடரை நீக்கவேண்டும் என்றார் லட்சுமிகாந்த மைத்ரா. ஏனைய நெறிகளோடு இது ஒத்திருக்க வேண்டும் என்பது அவர் காரணம். அது ஏற்கப்பட்டது. கல்வி என்பதைத் தொடக்கக் கல்வி என்று குறுக்க வேண்டும் என்றார் நசீருத்தீன் அஹ்மது. டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று இன்னொரு ஷரத்தில் விதித்திருக்கிறோம். வேலைக்குப் போகாத பிள்ளை அந்த வயது வரை ஏதேனும் ஒரு கல்விக்கூடத்தில் இருந்தாக வேண்டும் அல்லவா என்பது அவருடைய விடையின் சாரம். இரண்டு ஷரத்துகளையும் ஒரே கயிற்றில் அவர் பிணைத்துக் காட்டினார். தொழிற்சாலையின் வாசலை மூடுவதும் பள்ளிக்கூடத்தின் வாசலைத் திறப்பதும் ஒரே செயலின் இரு பாதிகள். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் பிள்ளை தெருவில் நிற்கும்.

வழிகாட்டு நெறிகளைப் புறக்கணிக்கும் அரசு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தேர்தலில் மக்கள் முன் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் அவர் அதே மாதத்தில் சபையில் கூறியிருந்தார். மக்கள் கேட்டார்களா என்பதே பின்னர் எழுந்த கேள்வி.

அந்தப் பத்தாண்டு

1950-இலிருந்து 1960 வரை நம் வடசென்னையின் முகமே மாறியது. எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை அமைத்தது. 1856-இல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரத்திற்கு வடக்கே, உப்பளங்களும் பனந்தோப்புகளும் மீனவர் குப்பங்களுமாய்க் கிடந்த கரையோரம் புகைக்கூண்டுகளின் வரிசையாயிற்று. பத்தாண்டில் எத்துணை செய்ய இயலும் என்பதற்கு அந்தக் கரையே சாட்சி.

கல்வியிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று கூறுவது நன்றி மறத்தலாகும். 1954-இல் முதலமைச்சரான காமராசர் அவர்களும், கல்வித்துறையில் அவருக்குத் துணை நின்ற நெ. து. சுந்தரவடிவேலு அவர்களும் செய்த தொண்டு பெரிது. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. 1956-இல் மதிய உணவு வந்தது. ஊர் மக்களே பொருள் திரட்டிப் பள்ளிகளைச் செப்பனிடும் மாநாடுகள் நடந்தன. தியாகராயரின் ஓரணாச் சிற்றுண்டி, காமராசரின் மதிய உணவாகி, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாகி, 2022-இல் காலை உணவுத் திட்டமாகவும் வளர்ந்திருக்கிறது. தமிழ்நாடு பல மாநிலங்களை முந்தியதற்கு இந்தத் தொடர்ச்சி ஒரு முதன்மைக் காரணம்.

ஆனால் இவை யாவும் அரசின் கொடையாக வந்தவை. குழந்தை கேட்டுப் பெறும் உரிமையாக வந்தவை அல்ல. கொடையாளி உள்ளவரை கொடை உண்டு. இல்லாவிடில் யாரிடம் முறையிடுவது?

நாடு முழுவதற்குமான சட்டம் ஏன் வரவில்லை? காரணங்கள் சில உண்டு. அன்று கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது; 42-ஆம் திருத்தத்தின் மூலம் 1977-இல்தான் அது பொதுப் பட்டியலுக்கு வந்தது. ஆகவே மத்திய அரசு மாநிலங்களைச் சுட்டியது. மாநிலங்கள் நிதியில்லை என்று மத்திய அரசைச் சுட்டின. பல மாநிலங்களில் கட்டாயக் கல்விச் சட்டங்கள் இருக்கத்தான் இருந்தன. அவற்றில் பெரும்பாலும் அந்தப் பழைய ‘லாம்’ விகுதியே ஆட்சி செய்தது. சட்டம் ஏட்டில் இருக்கும். அதனை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை வெளிவராது. ஏழை வீட்டுப் பிள்ளை உழைத்தால்தான் அடுப்பெரியும், அதைத் தடுப்பது கொடுமை என்று இரக்கத்தின் பெயராலும் வாதம் எழுந்தது. இந்த வாதத்தைச் சொன்னவர்கள் தம் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பியதாகத் தெரியவில்லை.

1960 கடந்தது. 1966-இல் கோத்தாரி குழு, 1985-86-க்குள் இலக்கை எட்டலாம் என்றது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை, 1995-க்குள் என்றது. கடன்பட்டவன் தானே தன் தவணையை நீட்டிக்கொண்டே போனான். அதே 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், பட்டியலிட்ட சில தொழில்களில் மட்டுமே சிறுவர்களைத் தடுத்தது. பட்டியலில் இல்லாத வேலைக்குத் தடையில்லை. அம்பேத்கர் பிணைத்த கயிறு இரு முனையிலும் அவிழ்ந்து கிடந்தது.

ஒரு மாணவனின் கதை

1993-ஆம் ஆண்டு. மதரஸாப் படிப்பை முடித்து, இராயபுரத்தில் மாலை நேர மக்தபு ஒன்றில் நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஒன்பது வயதிருக்கும், ஒரு சிறுவன் மஃரிபுக்குப் பின் தவறாமல் வருவான். முஸ்ஹபைத் தொடுமுன் குழாயடியில் நெடுநேரம் கை கழுவுவான். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் துரு போகாது. பகலில் அவன் பழைய இரும்புக் கடையில் வேலை செய்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தந்தை இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

அவன் தாயிடம் பேசி, ஜூலை மாதத்தில் ஒருநாள் அவனைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், இல்லை. முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள், அதுவுமில்லை. சேர்க்கை முடிந்துவிட்டது, மேலும் ஒன்பது வயதுப் பையனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று கேட்டார்கள். கடுமையாக ஒன்றும் பேசவில்லை. விதி அப்படி என்றார்கள்.

“பரவாயில்லை அஸ்ரத். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றாள் அந்தத் தாய். அடுத்த ஆண்டு வரவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாளிலேயே உச்ச நீதிமன்றம், உண்ணிகிருஷ்ணன் வழக்கில், 14 வயது வரை கல்வி பெறுவது ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தது. பத்தாண்டு என்று குறித்த தவணை போய், அதைப்போல் நான்கு மடங்கு காலம் கடந்தும் நிறைவேறவில்லை என்பதை நீதிபதிகள் சுட்டிக் காட்டியிருந்தார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கும் தெரியாது, பள்ளிக்கூடத்தாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும், எந்த அதிகாரியிடம், எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்பது? உரிமை பிறந்துவிட்டது, அதற்குச் சட்டம் பிறக்கவில்லை.

முஸவ்வதாவிலிருந்து முபய்யளாவுக்கு

அதன் பின் நிகழ்ந்தவற்றைக் காலவரிசையில் கூறுகிறேன். 1996 டிசம்பரில், சிவகாசித் தொழில்கள் பற்றிய வழக்கில், தடுக்கப்பட்ட வேலையில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 1997-இல் அரசியல் சட்டத் திருத்த மசோதா ஒன்று வந்தது, நிறைவேறவில்லை. 2001-இல் மற்றொன்று வந்தது. 2002 டிசம்பர் 12-ஆம் நாள் 86-ஆம் திருத்தமாகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி 21-ஏ ஷரத்தாக, அடிப்படை உரிமைகளின் பட்டியலுக்கே திரும்பி வந்தது. 1947-இல் இறக்கப்பட்ட பர்ளு, 55 ஆண்டுகளுக்குப் பின் தன் இடத்தில் ஏற்றப்பட்டது. 45-ஆம் ஷரத்து, 6 வயதுக்குட்பட்ட மழலையரின் பராமரிப்பையும் கல்வியையும் பற்றியதாக மாற்றி எழுதப்பட்டது.

இவ்வளவு ஆன பின்னும் வரலாறு ஒரு பாடத்தை மிச்சம் வைத்திருந்தது. அந்த 21-ஏ ஷரத்து, அரசு சட்டத்தின் மூலம் நிர்ணயிக்கும் முறையில் கல்வி வழங்கப்படும் என்றது. அந்தச் சட்டம் வேண்டுமல்லவா? வரைவுகள் எழுதப்பட்டன, சுற்றுக்கு விடப்பட்டன, மீண்டும் எழுதப்பட்டன. ஏழாண்டுகள் ஓடின. இதற்கிடையில் திருத்தமே நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது, அரசு அறிவிக்கவில்லை. 2009 ஆகஸ்டில் கல்வி உரிமைச் சட்டம் ஒப்புதல் பெற்று, 2010 ஏப்ரல் 1-ஆம் நாள் சட்டமும் திருத்தமும் சேர்ந்தே உயிர்பெற்றன. தவணை நாளிலிருந்து கணக்கிட்டால் 50 ஆண்டுகள் தாமதம்.

அச்சட்டத்தில் நம் சிறுவனுக்கு வேண்டியிருந்தவை அனைத்தும் இருந்தன. வயதுச் சான்று இல்லையென்று எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரவில்லையென்று சேர்க்கையைத் தாமதிக்கக் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று மறுக்கக் கூடாது. பள்ளிக்கூடம் காணாத குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி அளிக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது கட்டாயம் என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தந்த பொருள். கோகலேயின் மசோதாவில் கட்டாயம் பெற்றோர் மேல் இருந்தது. பிள்ளையை அனுப்பாவிடில் அபராதம். 2009-இன் சட்டத்தில் பெற்றோரின் கடமை ஒருபுறம் இருக்க, கட்டாயம் என்பது அரசின் கடமை என்று வரையறுக்கப்பட்டது. சேர்ப்பதும், வரச்செய்வதும், தொடக்கக் கல்வியை முடிக்கச்செய்வதும் அரசின் பொறுப்பு. பர்ளு யார் மீது என்ற கேள்விக்கு நூறாண்டுக்குப் பின் விடை கிடைத்தது.

நம் பங்கு

நம் சமுதாயம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்றது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினரின் பள்ளிகள் அனைத்துக்கும் விலக்களித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அந்த முடிவில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. நிறுவனங்களைக் காக்கும் இவ்விலக்குகளை நாம் வரவேற்றோம். நானும் வரவேற்றேன். ஆனால் விலக்கு நிறுவனத்துக்குத்தான், உரிமை குழந்தைக்கு. மதரஸாவுக்குச் சட்டம் பொருந்தாது என்பதைக் காரணமாகக் கொண்டு, மதரஸாவில் ஓதும் பிள்ளையின் உரிமையை நாமே குறைத்துவிடக் கூடாது.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிறுவன் என்னிடம் நான்காண்டுகள் ஓதினான். திருக்குர்ஆனைத் திருத்தமாக ஓதக் கற்றான். தன் பெயரைத் தமிழில் எழுத நான் அவனுக்குக் கற்பிக்கவில்லை. அது பள்ளிக்கூடத்தின் வேலை என்றிருந்துவிட்டேன். பள்ளிக்கூடம் அது அரசின் வேலை என்றது. அரசு அதற்கு இன்னும் காலமிருக்கிறது என்றது. பர்ளு கிஃபாயா என்பது இப்படித்தான் கைவிடப்படுகிறது. ஒருவர் செய்தால் எல்லோர் கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் எல்லோரும் குற்றவாளிகள்.

2002-இல் அவனுக்குத் திருமணம். நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்திட அழைத்தபோது, அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இடக்கைப் பெருவிரலை நீட்டினான். சென்ற ஆண்டு அவன் மகளுக்குத் திருமணம் நடந்தது. அப்பெண் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்தவள். தஃப்தரின் அதே பக்கத்தில் வலியாகிய தந்தையின் விரல் ரேகை ஒரு வரியில்; மகளின் தெளிவான தமிழ்க் கையெழுத்து அடுத்த வரியில்.

காலம் தவறிய தொழுகையைக் களாவாக நிறைவேற்றலாம், கடமை தீரும். தவறவிட்ட நேரம் திரும்பாது. 45-ஆம் ஷரத்தை நாடு களாவாகத்தான் நிறைவேற்றியது. அந்த இடைக்காலத்தில் வளர்ந்தவர்கள் நம் மஹல்லாக்களில் விரல் ரேகையோடு வாழ்கிறார்கள்.

ஜமாஅத்துகள் திருமணத்துக்குத் தஃப்தர் வைத்திருக்கின்றன. சந்தாவுக்குக் கணக்கு வைத்திருக்கின்றன. 6 வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். இந்த மஹல்லாவில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் இருக்கிறது, யார் இடையில் நின்றுவிட்டார், ஏன் நின்றார் என்பதை ஆண்டுக்கு இருமுறை பார்த்தால் போதும். திருப்பி அனுப்பும் பள்ளிக்கூடம் எதுவாயினும், சட்டத்தின் பிரிவைக் காட்டிக் கேட்க ஒருவர் அந்தத் தாயோடு கூடப் போக வேண்டும். 1993-இல் நான் வெறுங்கையோடு போனேன். இன்று போகிறவர் அப்படிப் போக வேண்டியதில்லை.